கபீர் அண்ணனின் பாரில் விரிசல்!

ஆசிரியர் அவர்களே, எங்கள் கபீர் அண்ணனின் கழுத்தைக் காந்தம் காப்பாற்றிவிட்டது, அந்தக் காந்தத்தைக் கையில் பிடித்திருந்தவன் நான்!

டன்லப் ஸ்ட்ரீட், சிங்கப்பூர்.
16-8-1961

மதிப்பிற்குரிய இளைஞர் பக்க ஆசிரியர் அவர்களுக்கு, மருதப்பன் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அச்சுக்கோப்பவர்களும் நலமென்று நம்புகிறேன். சென்ற மாதம் நான் அனுப்பிய ஏழு கடிதங்களும் தங்கள் கைக்கு வந்து சேரவில்லை போலிருக்கிறது. பாதகமில்லை.

எங்கள் பஃபலோ ரோடு தேகப்பயிற்சிக் கூடத்தின் வீரர் அஹமது கபீர் அண்ணன் வரும் ஞாயிறன்று ஃபேரர் பார்க் திடலில் நடக்கும் போட்டியில் முந்நூறு பவுண்டைத் தலைக்கு மேல் தூக்கப் போகிறார் அல்லவா, அவர் தூக்கும் இரும்புக் கம்பியைத்தான் நாங்கள் பார் என்போம், பழைய லாரி அச்சு அது, கூடத்தை நடத்தும் சுந்தரம் மாஸ்டர் பதினோரு வருஷத்துக்கு முன்னால் தன் கையாலேயே கடைந்து செய்தது, வெள்ளிக்கிழமை தோறும் அதற்குச் சந்தனம் வைப்பார், எங்களைத் தொடக்கூட விட மாட்டார். நான் வேலை பார்க்கும் கப்பல் பட்டறையில் ஒரு வெள்ளைக்காரத் துரை எந்திரத் தண்டுகளுக்குக் காந்தம் ஏற்றி, மேலே இரும்புத்தூள் தூவுவதைப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் அந்த இடத்தில் காந்த சக்தி வெளியே கசியுமாம், தூள் அங்கே போய் மீசை மாதிரி வரிசையாக ஒட்டிக்கொள்ளும். இரும்பை உடைக்க வேண்டாம், அறுக்க வேண்டாம்! மூன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, கண்ணை மூடினால் கபீர் அண்ணன் தலைக்கு மேல் பார் ரெண்டாக முறிகிறது.

நேற்று மாஸ்டர் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் பார்த்து, பாரில் செம்புக் கம்பியைச் சுற்றி லாரி பேட்டரியில் கொடுத்தேன். கம்பி சுட்டது, சட்டென்று எடுத்துவிட்டேன். பிறகு கூடியிருந்த எல்லாருக்கும் விளங்க வேண்டுமே என்று, பழைய ரேடியோவில் கழற்றிய காந்தத்தையே குச்சி மாதிரி பிடித்து, அதன் முனையால் பாரின் மேல் அழுத்திக் கோடு இழுத்து, "இதோ, இங்கதான் கனம் எறங்கும், விரிசல் வந்தா இங்கதான் வரும்" என்று விளக்கினேன். அப்புறம் அக்காவின் மாவுச் சல்லடையில் இரும்புத்தூளைப் போட்டுத் தூவினேன். ஆசிரியர் அவர்களே, நான் காட்டிய அதே இடத்தில், நாலு அங்குல நீளத்துக்குக் கறுப்பாக ஒரு கோடு! என் கணிப்பு எப்படி?

மாஸ்டர் திரும்பி வந்தார்.

"என்னடா இது, என் பாருக்கு மை தீட்டி வச்சிருக்கே?"

"விரிசல், மாஸ்டர்."

"ஒன் மண்டையிலதான் விரிசல்! லாரியவே தாங்குன இரும்புடா இது!"

கபீர் அண்ணன் ஊதிப் பார்த்தார், கோடு போகவில்லை. துடைத்துவிட்டு மறுபடி தூவினேன், அதே கோடு. "அலாமாக்" என்று மலாயில் அலறிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதற்குள் என் அக்கா மங்களம் சல்லடையைத் தேடிக்கொண்டு வந்து, "பாவி, போன வாரம் புட்டுல நறநறன்னுச்சே, அது இதானா?" என்று என் காதைப் பிடித்துத் திருகியது தனிக்கதை. விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்த கபீர் அண்ணனின் மனைவி சம்சுன்னிசா அக்காதான் தீர்ப்புச் சொன்னார்: "அறுத்துப் பாத்துருங்க மாஸ்டர். இரும்பு போனா வேற இரும்பு கெடைக்கும் லா. இவரு போனா நான் எந்தக் கடையில போய் வாங்குறது?"

மாஸ்டர் பாருக்கு ஒரு சந்தனப் பொட்டு வைத்துவிட்டுச் சம்மதித்தார். நாளைக் காலை கோட்டுக்குக் குறுக்கே அறுக்கிறார்கள். உள்ளே விரிசல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் படம் எடுத்து அனுப்புகிறேன், முதல் பக்கத்தில் போடவும். என் பெயருக்கு முன்னால் "விஞ்ஞானி" என்று போடுவதும் போடாததும் தங்கள் பெருந்தன்மை.

தங்கள் பத்திரிகை நாளுக்கு மூன்று பதிப்பு காண வாழ்த்தும்,
மருதப்பன்

பி.கு.: வியாழக்கிழமை. அறுத்தாயிற்று. உள்ளே புது வெள்ளிக்காசு மாதிரி பளபளவென்று இருக்கிறது, விரிசலும் இல்லை ஒன்றும் இல்லை. பட்டறைத் துரையிடம் போய்ச் சொன்னேன், அவர் விழுந்து விழுந்து சிரித்தார். காந்த முனையால் இரும்பில் கோடு இழுத்தால் அந்தக் கோட்டிலும் தூள் ஒட்டுமாம். அதாவது அந்த விரிசலை எழுதியவன் நானே. ஆகவே மேலே உள்ள எதையும் அச்சிட வேண்டாம், இதை மட்டும் அச்சிடவும்: ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு இப்போது பாரே இல்லை, கபீர் அண்ணன் வீட்டு அம்மிக்கல்லைத் தூக்கிப் பழகிக்கொண்டிருக்கிறார். நல்ல லாரி அச்சு வைத்திருக்கும் அன்பர்கள் சனிக்கிழமை மாலைக்குள் பஃபலோ ரோடு கூடத்துக்குக் கொண்டு வாருங்கள், தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள். வாசலில் மாஸ்டர் நிற்பார். அவர் எது கேட்டாலும், "இத மருதப்பன் கண்ணாலகூடப் பாத்ததில்லீங்க" என்று முதலில் சொல்லிவிட்டு உள்ளே வரவும்.