வட்டகொடைக்கு வரவிருந்த கணினி

வட்டகொடைக் குளிரைச் சொத்தாக நினைத்தவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த விஞ்ஞான ஆசிரியர். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும், யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் ‘குவாண்டம் சேர்’.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆண்டுகள். பாடசாலைக்கு வந்த ஒரே கணினியே உறை கழற்றாமல் அதிபர் அறையில் இருந்தது. இவரோ அதற்கும் அடுத்த குவாண்டம் கணினியைப் பற்றிப் பேசினார். மற்றக் கணினிகள் ஆயிரம் வருடம் போடும் கணக்கை, தேத்தண்ணி ஆறுமுன் அது போட்டுவிடுமாம். ஆனால் கடுங்குளிரில்தான் ஓடுமாம். பக்கத்து வீட்டுக்காரியான என்னிடம் அடிக்கடி சொல்வார்:

“கொழும்பில அதை வைக்கேலாது தங்கச்சி. இஞ்சதான் கொண்டுவருவாங்கள்.”

“நம்ம குளிரு போதுமா சேர்?”

“போதாது. சைபருக்குக் கீழ இருநூற்றி எழுபது பாகை வேணும். எண்டாலும் கொஞ்சத்தை எங்கட மலை சும்மா குடுக்குதெல்லோ!”

மலை எவ்வளவு கொடுக்கிறது என்று அளக்க, ஜன்னல்களைத் திறந்துபோட்டுக் கம்பளிக்குள் வெப்பமானியோடு உட்கார்ந்திருப்பார். எங்கள் குவாட்டர்ஸும் அவருடையதும் ஒரே கூரையின் கீழ். நடுச்சுவர் கூரையைத் தொடாது. குளிர் சுவரேறி எங்கள் பக்கம் இறங்கும். என் மகன் எட்டு மாதக் குழந்தை, மூச்சிழுப்புக்காரன். ஜன்னலைச் சாத்தச் சொல்லலாமா? படித்த மனிதர், என்ன நினைப்பாரோ? சொல்லாவிட்டால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? இரண்டையும் யோசித்துவிட்டு அடுப்பில் இன்னொரு விறகை வைப்பேன். உடனே சுவருக்கு மேலாகக் குரல் வரும்.

“தங்கச்சி, அடுப்பைக் கொஞ்சம் குறையுங்கோ! பாகை ஏறுது!”

ஒருநாள் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்திலேயே பாடம் தொடங்கிவிட்டார்.

“அந்தக் கணினியில ஒரு சிக்கல். சின்னச் சூடு, சின்ன அதிர்வு பட்டாலும் பிழை விடும். ஒரு துண்டு கணக்குப் போட்டால், பிழை பிடிக்க ஆயிரம் துண்டு பக்கத்தில நிக்கவேணும்.”

கொழுந்தெடுக்கும் மாரியாயி கூடையை மாட்டிக்கொண்டே சொன்னாள்: “அப்ப நம்ம தோட்டந்தான் சேர். கிள்ளுற கை ஒன்னு, கத்துற வாயி பத்து!”

கங்காணி முறைத்தார். சேர் கைதட்டினார்.

ஆடி மழை அடித்த ஒரு மதியம் மகனுக்கு இழுப்பு வந்தது. கணவர் தேயிலைத் தொழிற்சாலையில். தோட்ட மருந்தகம் பூட்டிக் கிடந்தது. பிள்ளையின் உதடு நீலம் பூத்தது. தூக்கிக்கொண்டு ஓடிச் சேரின் கதவைத் தட்டினேன். பார்த்ததும் பதறிப்போனார். பதறினால் அவருக்குப் பாடம்தான் வரும்.

“பயப்பிடாதேங்கோ தங்கச்சி. அந்தக் கணினி வந்தால் இதுக்கெல்லாம் மருந்து கண்டுபிடிச்சுப் போடும்...”

“எப்ப சேர் வரும்?”

“ஒரு... இருபது வருசம்.”

“எம்புள்ளைக்கு இப்ப மூச்சு வாங்குது சேர்!”

 மறுகணம் சேர் பிள்ளையை வாங்கிக் கம்பளியால் சுற்றி, வெறுங்காலோடு ஓடினார். பாதையில் வந்த கொழுந்து லொறிக்கு முன்னால் போய் நின்றார்.

“சாவப் போறீங்களா சேர்?” என்று டிரைவர் கத்தினார்.

“ஆஸ்பத்திரிக்கு விடும் ஐசே!”

நாங்கள் ஏறியதும் லொறி பறந்தது. என் முகத்தைப் பார்த்த டிரைவர், பயத்தைக் கலைக்கவோ என்னவோ, “உங்க கம்பியூட்டர் மிஷினு எப்ப சேர் வருது?” என்றார்.

“றோட்டைப் பாத்து ஓடும்!”

அதற்குப் பிறகு, “மூச்சை விடு ராசா, விடு” என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து வேறு வார்த்தை வரவில்லை.

ஆஸ்பத்திரியில் முகமூடி வழியாக மருந்துப் புகை ஏற ஏற, மகனின் உதடு மெல்லச் சிவந்தது. வாசலில் சேறு அப்பிய கால்களோடு நின்று தேம்பிக்கொண்டிருந்தவரைக் காட்டி, அவர் யார் என்று தாதி சிங்களத்தில் கேட்டார்.

என் அண்ணன் என்றேன். பொய் சொல்வதாக அப்போது தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை.