ராட்சசி டீச்சர் வாசலில் உட்கார்ந்த நாள்

மேடவாக்கம் முழுக்கத் தேடினாலும் ராட்சசர்களுக்காக வாதாட ஒரே ஒரு ஆள்தான் கிடைப்பார். அவர் எங்கள் ராட்சசி டீச்சர். கதைகளில் வரும் எந்த அரக்கனையும், எந்தப் பூதத்தையும், குகையில் தூங்கும் எந்த ஜந்துவையும் அவர் விட்டுக்கொடுத்ததில்லை.

டீச்சரின் சொந்தப் பெயர் சர்ச்சிலும் பென்ஷன் அலுவலகத்திலும் மட்டும்தான் வழக்கத்தில் இருந்தது. ஆறடி உயரம். முன்பற்கள் இரண்டும் உதட்டுக்கு அடங்காதவை. மூன்றாவது மாடியிலிருந்து அவர் கீரைக்காரரைக் கூப்பிட்டால், அடுத்த தெருவில் போகும் தண்ணீர் லாரி பிரேக் போடும். தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழாசிரியராகச் சேர்ந்த முதல் நாளே அவருக்குப் பட்டப்பெயர் கிடைத்துவிட்டது. வகுப்புக்குள் நுழைந்தால் கரும்பலகையில் ‘ராச்சசி வருகிறாள்’ என்று எழுதியிருந்ததாம். டீச்சர் சாக்பீஸை எடுத்து ‘ச்’சை அழித்துவிட்டு ‘ட்’ போட்டார். “திட்டறதா இருந்தாலும் பிழையில்லாம திட்டணும்” என்று சொல்லிவிட்டு, அடுத்த முப்பது வருடம் அந்தப் பெயரிலேயே பாடம் நடத்தி ஓய்வு பெற்றார்.

அதன் பிறகுதான் எங்கள் அடுக்ககத்துக்குக் குடிவந்தார். நான் அப்போது குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்கு நீதிக்கதை சொல்லும்படி அவரைக் கேட்டுக்கொண்டதும் நான்தான். அந்தப் பாவம் என்னையே சேரும்.

முதல் வாரக் கதையில் ஓர் இளவரசன் குகைக்குள் போய் ராட்சசனைக் கொன்றான். பிள்ளைகள் கை தட்டினார்கள். டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“ராட்சசன் இளவரசன் வீட்டுக்குப் போனானா?”

“இல்ல டீச்சர்.”

“அப்ப யாரு யார் வீட்டுக்குள்ள புகுந்தது?”

பிள்ளைகள் யோசித்தார்கள். மறுநாள் என் மனைவி துடைப்பத்தோடு பல்லியைத் துரத்தியபோது எங்கள் மகள் குறுக்கே நின்றாள். “அம்மா, நாம இந்த ஃபிளாட் வாங்கறதுக்கு முன்னாடியே அது இங்க இருந்துச்சா?” என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில், அடுத்த துடைப்பம் யாருக்கு என்பது எனக்குப் புரிந்தது.

நான் டீச்சரிடம் போய்ப் பணிவாக முறையிட்டேன். அவர் இஞ்சி டீ கொடுத்து, பதிலும் கொடுத்தார்.

“தம்பி, ஒருத்தன் என்ன பண்ணான்னு சொல்றதுக்கு முன்னாடியே அவன் பல்லு எப்படி இருந்துச்சு, நிறம் எப்படி இருந்துச்சுன்னு ஒரு கதை ஆரம்பிச்சா, கதை சொல்றவன் எதையோ மறைக்கிறான்னு அர்த்தம்.”

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கஜேந்திரன் அண்ணன் பகல் நேரக் காவலாளியாக வேலைக்கு வந்தார். அவர் முன்பு வைத்திருந்த டீக்கடையில் சிலிண்டர் வெடித்ததில், முகத்தின் வலது பாதி உருகி இறுகிப்போயிருந்தது. கண்ணிமை சரியாக மூடாது. உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும். வந்த மூன்றாம் நாளே எங்கள் கைபேசிக் குழு கொதித்தது. குழந்தைகள் பயப்படுகிறார்கள் என்றார்கள். விருந்தாளிகள் என்ன நினைப்பார்கள் என்றார்கள். குழுவில் யாரோ ஒருவர் பேய்ப் பொம்மைப் படம் ஒன்றைப் போட்டார். அதற்குப் பலர் சிரித்தார்கள். எண்ணினால் என் சிரிப்பும் அதில் இருக்கும்.

காவலாளியை மாற்றச் சொல்லி ஏஜென்சிக்கு நானே கடிதம் தயாரித்தேன். வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு டீச்சர் வீட்டுக்கும் போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சிவப்புப் பேனாவை எடுத்தார்.

“அவர் லேட்டா வர்றாரா?”

“இல்ல டீச்சர்.”

“டியூட்டில தூங்கறாரா? யார்கிட்டயாவது மரியாதையில்லாம பேசினாரா?”

“அதெல்லாம் இல்ல. பார்க்கறதுக்குத்தான் கொஞ்சம்…”

டீச்சர் கடிதம் முழுவதையும் குறுக்காக அடித்து, அடியில் ‘நூற்றுக்கு மூன்று’ என்று எழுதினார். “தேதி சரியா போட்டிருக்கீங்க. அதுக்குத்தான் அந்த மூணு.”

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு, காவலாளியை மாற்றும் தீர்மானத்துக்காகக் கார் நிறுத்துமிடத்தில் பொதுக்குழு கூடுவதாக இருந்தது. அன்று டீச்சர் சர்ச்சுக்குப் போகவில்லை. “நான் எங்க இருக்கேன்னு ஆண்டவருக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு, காலை எட்டு மணிக்கே பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து கேட்டருகே கஜேந்திரன் அண்ணன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். உள்ளே வருகிறவர்கள் கையெழுத்திடும் பதிவேட்டில் ஸ்கேல் வைத்துப் புதிதாக ஒரு கட்டம் போட்டார். தலைப்பு: ‘முகம்’.

கஜேந்திரன் அண்ணன் கெஞ்சினார். “இன்னா டீச்சர், எனக்கோசரம் நீங்க எதுக்கு பேஜார் பண்ணிக்கினு கீறீங்க? நான் வேற எடம் பாத்துக்கினு பூட்றேன்.”

“நீங்க உட்காருங்க. இது உங்களுக்காக மட்டும் இல்ல. எனக்கே கோவம்.”

காய்கறிப் பையோடு வந்த பொருளாளர்தான் முதலில் மாட்டினார். தினமும் சவரம் செய்து, சென்ட் போட்டு, தன்னை அழகன் என்று நம்பும் மனிதர்.

“உங்க முகத்தைப் பத்தி நீங்களே ஒரு வார்த்தை எழுதுங்க சார். சங்கம் பரிசீலிக்கும்.”

“என்ன டீச்சர் இது, நான் இங்க ஓனர்.”

“ஓனருக்கும் முகம் இருக்கில்ல?”

ஆறடி உருவம் கேட்டை மறித்து நின்றது. பொருளாளர் ‘சுமார்’ என்று எழுதினார்.

“சுமாரா? அப்ப உங்களுக்கும் ஒரு கடிதம் போடணுமே. செக்ரட்டரி சார்கிட்ட சொல்றேன்.”

பதினொரு மணிக்குள் பதிவேட்டில் ஒரு பக்கம் நிறைந்தது. கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரு மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்தார்கள்.

பொருளாளர் எழுந்து, “குழந்தைங்க பயப்படறாங்க, அதுதான் பிரச்சனை” என்றார். டீச்சர் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கூப்பிட்டார். “பொய் சொல்லக் கூடாது. இந்த அபார்ட்மென்ட்ல யாரைப் பார்த்தா உங்களுக்கு ரொம்ப பயம்?”

அத்தனை பிள்ளைகளும் தயங்காமல் டீச்சரையே காட்டினார்கள்.

டீச்சர் கொஞ்சம்கூட அசரவில்லை. “அப்ப தீர்மானத்துல என் பேரை எழுதிக்குங்க. உசரம், பல்லு, குரல், எல்லாம் இருக்கு. ஊரே ராட்சசின்னு பேர் வெச்சிருக்கு. வெளிய அனுப்பறதா இருந்தா என்னை அனுப்புங்க, பார்க்கலாம்.”

நான் எழுந்து, கடிதத்தை வாபஸ் வாங்குவதாகச் சொன்னேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. கஜேந்திரன் அண்ணன் வேலையில் நீடித்தார். ஆனால் நான்கு குடும்பங்கள் டீச்சரோடு பேச்சை நிறுத்தின. சனிக்கிழமைக் கதைக்கு இனி சங்க அறையைத் தர மாட்டோம் என்றார் பொருளாளர். டீச்சர் கேட்டருகே பாய் விரித்துக் கதை சொன்னார்.

அங்கேதான் அவருக்குச் சரியான எதிராளி கிடைத்தார். ஒரு நாள் கதை பாதியில் இருக்கும்போது கஜேந்திரன் அண்ணன் கேட்டார்: “டீச்சர், ஒண்ணு கேக்கறேன் தப்பா நெனைக்காதீங்க. அந்த ராட்சசன் ஊர்ல கீற ஆளுங்கள நெசமாவே துன்னுட்டான்ல? அதுக்கு இன்னா சொல்றீங்க?”

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

“அது தப்புதான்” என்றார் கடைசியில்.

“தப்புதானே? அத்த சொல்லுங்க. அவன் துன்னதுக்குத் திட்டுங்க, நானும் சேந்து திட்றேன். மூஞ்சிய வுட்ருங்க.”

அதற்குப் பிறகு டீச்சர் ராட்சசர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வக்காலத்து வாங்கவில்லை. ஒவ்வொரு கதை முடிவிலும் பாய் மேல் ஒரு விசாரணை நடக்கும். யார் யாரைத் தின்றார்கள் என்று பார்த்ததில், பல வாரங்கள் மாட்டியது ராஜாக்கள்தான்.

போன வருடம் மாடி ஏற முடியாமல் போய், டீச்சர் சேலையூரில் தரைத்தள வீடு ஒன்றுக்கு மாறிவிட்டார். கஜேந்திரன் அண்ணனுக்கு வார விடுமுறை வரும் நாளில் என் வண்டியில் இருவரும் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். முட்டிவலியோடு டீச்சர் எழுந்து வந்து திறப்பதற்குள் பத்து நிமிடம் ஆகிவிடும். நாங்கள் பெல்லை இரண்டாம் முறை அடிப்பதில்லை.