கேசரித் தட்டோடு ஒரு தப்பியோட்டம்

பயத்துக்கு மூளை கிடையாது, கால்கள் மட்டுமே உண்டு. இதை நான் ஒரு கேசரித் தட்டோடு ஓடித்தான் கற்றுக்கொண்டேன்.

அப்போது முப்பதை நெருங்கும் வயது. பூந்தமல்லியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டு, மீதி நேரத்தில் வசன கவிதை எழுதிக்கொண்டிருந்தேன். (மீதி நேரம் என்பது அச்சக நேரத்தையும் சேர்த்து.) அந்த மாதம் முழுக்க கேபிளில் ஒரு பழைய கறுப்பு வெள்ளை அறிவியல் தொடர் ஓடியது. வேற்றுக்கிரகத்து ஆட்கள் ஒரு சிற்றூரின் மூளையையே பிடித்துக்கொள்வார்கள். ஊதல் சத்தம் கேட்டதும், பேசிக்கொண்டிருப்பவர் பாதிச் சொல்லில் நிறுத்துவார். எல்லோரும் இமைக்காமல் எழுந்து வரிசையாக நடப்பார்கள். விண்கலம் அட்டை என்பதும், அதைத் தொங்கவிட்ட கயிறும் நன்றாகவே தெரியும். ஆனாலும் இரவில் கழிவறைக்குப் போக எனக்குத் துணை தேவைப்பட்டது.

அந்த மனநிலையில்தான் திருமுல்லைவாயிலுக்குப் பெண் பார்க்கப் போனேன். கவிதை எழுதுகிறவன் என்று தெரிந்ததும் மற்ற வீடுகள் காபியோடு நிறுத்திக்கொண்டன. இங்கே மட்டும் கேசரி வரை வந்திருந்தது. பெண்ணின் பெயர் செல்வி. அவள் என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிய விதத்தில் எனக்குள் ஒரு மழை தொடங்கிவிட்டது. எப்படியாவது இது முடிந்துவிட வேண்டும். தட்டை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் என் தாய்மாமா. எதிரே அவள் அப்பாவும் இரண்டு சித்தப்பாக்களும்.

"தம்பி, இந்த கவித கிவித எழ்தறீங்களே, அதுல..." என்று அப்பா தொடங்கினார்.

தூரத்தில் எங்கோ ஊதல் சத்தம். நீளமாக, வானத்தைக் கிழித்துக்கொண்டு.

அவர் அதோடு நிறுத்தினார். முழங்காலில் கையூன்றி எழுந்தார். சித்தப்பாக்களும் எழுந்தார்கள். ஒரு வார்த்தை இல்லை. ஒருவர் பின் ஒருவராகப் பின்பக்கம் நடந்தார்கள். ஜன்னல் வழியே பார்த்தேன். எதிர்வீட்டுக்காரரும் பேப்பரை மடித்துவிட்டு எழுந்து போய்க்கொண்டிருந்தார்.

தொடரில் கதாநாயகன் எப்படித் தப்பித்தான் என்று எனக்குத் தெரியும். முதல் ஆளாக ஓடினான்.

"டேய், தட்டோட எங்கடா போற?" மாமாவின் குரல் தெருமுனை வரை துரத்தியது. (அவரையும் பிடித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.)

ரயில் நிலையத்து பெஞ்சில் மூச்சு வாங்கும்போதுதான் கவனித்தேன். காலில் செருப்பு இல்லை. கையில் கேசரி பத்திரமாக இருந்தது. சாப்பிட்டேன். பயத்திலும் நெய் மணந்தது.

செல்வி சைக்கிளில் வந்தாள், பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு. ஹேண்டில்பாரில் என் செருப்புகள் தொங்கின.

"தட்ட குடுங்க. பேர் வெட்ன தட்டு. செட்ல ஒண்ணு கொறஞ்சா எங்கம்மா உடாது."

கொடுத்தேன்.

"புடிக்கலன்னா சொல்ட்டுப் போலாமில்ல. இன்னாத்துக்கு ஓடியாந்தீங்க?"

கடைசிச் சொல்லில் அவள் குரல் லேசாக உடைந்தது. அதற்குமேல் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்க முடியவில்லை. வேற்றுக்கிரகம், ஊதல், அட்டை, கயிறு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"அது கம்பெனி சங்கு. ஷிப்ட் முடிஞ்சி ஊதுனா எண்ணெக் கைய கழுவப் போணும். எங்கப்பா ரிடையர் ஆயியும் சங்கு சத்தம் கேட்டா பைப்பாண்ட பூட்றாரு. தெருவுல பாதி பேரு அப்டித்தான்."

"சித்தப்பாங்க இன்னிக்கு லீவுதானே?"

"கையிக்கு லீவு தெரியுமா?"

"அப்போ யாருக்கும் மூளை போகலையா?"

"ஒருத்தருக்கு பூட்ச்சி. பெஞ்சில குந்திகினு கீறாரு."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவள் கூடவே திரும்பிப் போனேன். வாசலில் அப்பா துண்டால் கை துடைத்துக்கொண்டிருந்தார். நான் ஓடியதையே கவனிக்காதவர் போல, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். "...அதுல சோறு வேவுமா?"

வேகவில்லை. ஆனாலும் கல்யாணம் நடந்தது.

கம்பெனி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். சங்கு ஓய்ந்து வெகுகாலம் ஆகிறது. பேர் வெட்டிய அந்தத் தட்டு மட்டும் தீபாவளிதோறும் மாமனார் வீட்டில் கேசரியோடு என் முன்னால் வரும். போன தீபாவளிக்கு என் மகள் அடுக்களையிலிருந்து வாயாலேயே சங்கு ஊதினாள். எல்லோரும் மாமனாரைப் பார்த்தோம். அவர் அசையவே இல்லை.

தட்டோடு எழுந்து நின்றது நான்தான்.

"இன்னா மாப்ள," என்றார் அவர், கேசரியிலிருந்து கண்ணை எடுக்காமல், "உங்களயும் புட்சிகிச்சா?"