வேகஸுக்கு ஒரு ஸ்டாண்ட்பை

வேகஸ் நரம்பின் ஒயரைப் பிடுங்கிய பிறகும் ஐந்து பல்புகளும் எரிந்துகொண்டிருந்தன. மாதங்கி அப்பாவைப் பார்த்தாள். ஜெயராம் ஜன்னலைப் பார்த்தார்.

சைனிக்புரி வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அந்த மாடல் வாயைத் திறந்தபடி இருந்தது. மாதங்கி மருத்துவக் கல்லூரி முதலாண்டு. அனாடமியில் ஒருமுறை தோற்றவள். இன்று மறுதேர்வு, தானே செய்த மாடலை வைத்து விளக்க வேண்டும். இதிலும் போனால் ஒரு வருடம் வீண். அவளுக்கு வந்தது மெல்லண்ணம், அதாவது மேல்வாயின் பின்பக்கத்து மெத்தென்ற சதை. சைக்கிள் டியூபில் அதைச் செய்தாள். ஒயரிங்கை மட்டும் ராணுவ ஆய்வுக்கூடத்தில் ஓய்வுபெற்ற அப்பாவிடம் விட்டாள். அதுதான் தப்பு.

அங்கே ஐந்து தசைகள், தசைக்கு ஒரு பல்பு. டென்சர் என்ற ஒன்றுக்கு மட்டும் கீழ்த்தாடை நரம்பு. மற்ற நான்குக்கும் வேகஸ். வேகஸ் அறுந்தால் அந்த நான்கும் அணைய வேண்டும். ஜெயராம் நான்குக்கும் கீழ்த்தாடை நரம்பிலிருந்து ஸ்டாண்ட்பையாக இன்னொரு லைன் இழுத்திருந்தார்.

"முழுங்கறது, பேசறது எல்லாம் ஒத்தை லைன்லயா? லேப்ல இப்படி டிராயிங் கொடுத்தா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"இது கடவுள் போட்ட டிராயிங்ப்பா. ஸ்டாண்ட்பை நக்கோ, வேண்டாம். எடுத்துடுங்க."

அவருக்குக் கை வரவில்லை. அவளே பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் டென்சரும் சேர்ந்து எல்லாப் பல்புகளும் அணைந்தன.

ஆட்டோவில் ஜெயராம் அதை மடியில் வைத்து டேப் சுற்றிக்கொண்டே வந்தார். வழியில் திருமுல்கேரியில் மூன்று பல்புகள் எரிந்தன, மாரெட்பள்ளியில் ஐந்தும். கூடுதல் லைனை எடுத்தாயிற்றா என்று கேட்டாள். ஆயிற்று என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், அவள் நம்பிவிட்டாள்.

தேர்வாளர் பத்மநாபன் வருடா வருடம் வெளியூரிலிருந்து வருபவர். மூக்கால் பேசுவார். எதைக் கேட்டாலும் ஏளனம் செய்வதுபோல இருக்கும் என்று மாணவர்களுக்கு அவரிடம் நடுக்கம். வேகஸ் ஒயரை அவரே பிடுங்கினார். ஐந்தும் ஜம்மென்று எரிந்தன.

இந்த நோயாளிக்கு என்னதான் வியாதி என்று மூக்கால் கேட்டார்.

மாதங்கிக்குக் கண் கலங்கியது. இனி மறைக்க ஒன்றுமில்லை. மாடலின் பலகையைத் திருப்பினாள். அப்பா மறுபடி கோத்து அடியில் ஒளித்திருந்த நான்கு ஒயர்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டு, எந்தத் தசைக்குப் போகிறது என்று சொல்லி, இதில் எதுவும் மனித உடம்பில் கிடையாது என்றாள். வேகஸ் அறுந்தால் அண்ணம் தூக்காது, குடித்த தண்ணீர் மூக்கில் வரும், பேச்சு மூக்கால்தான் வரும் என்றாள்.

பத்மநாபன் தலையைக் குனிந்துகொண்டார். இந்த லைனைப் போட்டது யார் என்று மட்டும் கேட்டார். அப்பா என்றதும் அவளை வெளியே அனுப்பிவிட்டார்.

பெஞ்சில் அப்பா டேப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"ஒரு வருஷம் போச்சுப்பா."

அவர் டேப்பைப் பைக்குள் திணித்தார். மகளின் வாழ்க்கையில் கை வைத்துவிட்டோமே என்றிருந்தது.

உள்ளேயிருந்து உதவிப் பேராசிரியை சுமலதா வந்தார். தெலுங்குக்காரர், வேலூரில் படித்ததால் தமிழ் வரும். மாதங்கி பாஸ் என்றார். ஜெயராம் அப்போதும் எழுந்து, அந்தத் தப்பு தன்னுடையது, பெண்ணுடையது அல்ல என்று சாரிடம் சொல்லிவிடும்படி கும்பிட்டார்.

சுமலதா குரலைத் தாழ்த்தினார்.

"சாருக்குக் கழுத்துக் கட்டியை எடுத்தப்போ வேகஸும் போயிடுச்சு. அவருக்கும் இந்த மாதிரி ஒரு லைன் போட முடியுமான்னு உங்ககிட்ட கேட்டுட்டு வரச் சொன்னார்."