மோரரின் வாளில் இருந்த கஞ்சா

யாழ்ப்பாணக் குடாநாட்டில் யாருக்குமே தேவைப்படாத ஓர் அறிவைக் கரைத்துக் குடித்தவர் ஒருவர் உண்டென்றால் அது எங்கள் மோரர்தான். பிலிப்பைன்ஸின் தென்பகுதியில் மோரோ என்று ஒரு மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் அந்தக் காலத்தில் செய்த வாள் எது, போன மாதம் செய்து வினாகிரியில் ஊறப்போட்டுப் பழசு என்று இணையத்தில் விற்கிற வாள் எது என்று படத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். எங்கள் ஊரான சண்டிலிப்பாயில் இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. கேட்காமலே பதினொரு வருடம் பதில் சொன்னார். அத்தனை பதிலையும் உட்கார்ந்து கேட்டவன் நான்.

எனக்கு வெல்டிங் கடை. கேற், ஜன்னல் கிறில், கிணற்றுக்கு வலை மூடி, இவைதான் என் வேலை. மோரர் உடுப்பிட்டியில் பிறந்து எங்கள் ஊரில் பெண் எடுத்தவர். இளவயதில் கப்பலில் இயந்திரத்துக்கு எண்ணெய் விடுகிற வேலை பார்த்தார். ஒருமுறை கப்பல் பழுதாகி அந்தத் தென்பகுதித் துறைமுகத்தில் ஐந்து மாதம் நின்றுவிட்டது. மற்றவர்கள் குடித்துப் பொழுது போக்க, இவர் பழைய வாள் விற்கிற ஒரு கிழவரின் கடையில் போய் உட்கார்ந்திருக்கிறார். ஊருக்குத் திரும்பும்போது ஒரு வாளும் ஒரு வியாதியும் கொண்டுவந்தார். வாள் உறைக்குள் இருந்தது. வியாதி வாயில் இருந்தது.

பெயர் வந்த கதை சின்னது. வந்த புதிதில் பால் விற்கிற மனிசியிடம், "பிள்ளை, என்னட்டை ஒரு மோரோ வாள் இருக்கு" என்று தொடங்கியிருக்கிறார். அந்த மனிசி பாதியில் மறித்து, "மோரோ? மோர் இல்லை அண்ணை, தயிர்தான் கிடக்கு" என்றது. அன்றிலிருந்து அவர் மோரர். இளந்தாரிகள் சைக்கிளில் போகும்போது, "அண்ணை, மோரோ பாலோ?" என்று கேட்டுவிட்டு மிதிப்பார்கள். அவர் கோபிக்க மாட்டார். யாராவது நின்று கேட்கிறார்களா என்றுதான் பார்ப்பார்.

மெல்பேர்னில் இருக்கிற அவருடைய மகள் ஒரு நல்ல தொலைபேசி அனுப்பியதோடு என் மத்தியான நித்திரை போயிற்று. சாப்பிட்டுவிட்டு இரும்புக் குழாய்களில் சாய்ந்து கண்ணை மூடுவேன். சரியாக இரண்டு மணிக்குத் தொலைபேசியில் ஒரு வாள் படத்தோடு வந்து நிற்பார்.

"தம்பி, நித்திரையோ?"

"இல்லையண்ணை."

"உதைப் பார். நூற்றைம்பது வருசத்து வாளாம். என்ன தெரியுது?"

"வாள் தெரியுது."

"வாளில்லையடாப்பா, சப்பாத்துப் பொலிஷ் தெரியுது! துருவைப் பார். எல்லா இடமும் ஒரே அளவு. உன்ரை கூரைத் தகரத்திலை துரு ஒரே அளவாயோ கிடக்கு?"

நான் கூரையைப் பார்ப்பேன். அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். எனக்கு அலுப்பாகவும் இருக்கும்.

அடுத்தது கைபிடி. "கை படுற இடம்தான் தம்பி தேயும். பெருவிரல் ஒரு இடத்திலைதான் இருக்கும், அந்த இடம் மட்டும் குழியும். கள்ளன் என்ன செய்வான்? சாண்ட்பேப்பர் எடுத்து முழுக்கத் தேச்சுப்போட்டு, பழசு எண்டுவான்." அவருடைய வாளின் கைபிடியில் அப்படி ஒரு குழி உண்டு. பெருவிரலை வைத்தால் யாரோ முன்பே சூடாக்கி வைத்த இடம் போலிருக்கும்.

மூன்றாவதுதான் வில்லங்கம். அந்தப் பழைய வாள்களில், கைபிடிக்குக் கிட்ட உள்ள அகலமான அடிப்பகுதி தனித் துண்டு. அதைச் செய்து பொருத்துவார்கள். பொருத்து மெல்லிய கோடாகத் தெரியும். போலி செய்கிறவன் ஒரே துண்டாகச் செய்துவிட்டு, பொருத்துப் போல ஒரு கோட்டைக் கீறி விடுவான். அந்தத் துண்டுக்குக் கிழவர் ஏதோ ஒரு பெயர் சொல்லியிருக்கிறார். எங்கள் மோரரின் வாயில் அது கஞ்சா என்று ஆகிவிட்டது.

"அண்ணை, உந்தச் சொல்லை வெளியிலை சொல்லாதையுங்கோ."

"ஏன்? அதுக்குப் பேர் அதுதானே. நானே வைச்சனான்?"

இணையத்தில் வாள் விற்கிற குழுக்களில் எல்லாம் சேர்ந்து, ஒவ்வொரு படத்துக்குக் கீழும் 'போலி' என்று ஆங்கிலத்தில் எழுதுவார். அந்த ஒரு சொல்லைத்தான் எழுதுவார். மூன்றாம் நாள் அவர்கள் இவரைத் துரத்திவிடுவார்கள். துரத்தியதை எனக்குச் செத்தவீட்டுச் செய்தி போல வந்து சொல்வார். பிறகு புதுப் பெயரில் போவார். ஒருமுறை மனைவியின் படத்தை வைத்துக்கொண்டு போய்ச் சண்டை பிடித்ததில், யாரோ ஒரு வெளிநாட்டு வியாபாரி அந்த அக்காவைக் கெட்ட வார்த்தையால் ஏசி எழுதிவிட்டான். அக்கா பொறுத்தது அதுவரைதான்.

"வாளோ நானோ, ரெண்டிலை ஒண்டுதான் இந்த வீட்டிலை இருக்கும்."

மோரர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் வாளைத் தன் பழைய சாரத் துணியில் சுற்றிக்கொண்டு என் கடைக்கு வந்தார். குழாய்களுக்குப் பின்னால் வைத்துவிட்டு, "கொஞ்ச நாளைக்குத்தான் தம்பி" என்றார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஸ்ஸில் மணி அடிக்கக் கூச்சப்பட்டு அடுத்த தரிப்பில் இறங்கி நடந்து வருகிறவன் நான்.

அதற்குப் பிறகு, கனடாவில் விறாந்தையில் மாட்டுவதற்கு வாள் தேடிய ஒருவர் எப்படியோ மோரரின் தொலைபேசி இலக்கத்தைப் பிடித்துவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் கேட்டுப் பதில் சொல்கிறார். சந்தித் தேத்தண்ணிக் கடையில் நின்று, கனடா தூரம் என்பதால் கத்திக் கத்திக் கதைத்தார்.

"கஞ்சா தனியாய்த் தெரியுதோ? ஆ? ஒட்டிக்கொண்டு கிடக்கோ? அப்ப வேண்டாம், உது கூடாத சாமான்! கஞ்சா தனியாய் இருக்கவேணும்! என்ரையோ? என்ரை கஞ்சா வெல்டிங் கடையிலை பத்திரமாய்க் கிடக்கு, ஊருக்கு வந்தால் காட்டுறன்!"

கடையில் இருந்த பத்துப் பேரும் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்களாம்.

அடுத்த நாள் காலை பொலிஸ் ஜீப் என் கடை வாசலில் நின்றது. பெயின்ற் வாளிகளைக் கவிழ்த்தார்கள், சாக்குகளை உதறினார்கள். கஞ்சா இல்லை. குழாய்க்குப் பின்னால் கையை விட்ட பொலிஸ் கொஸ்தாப்பல் சாரத்தை இழுத்தார். வாள் வெளியே வந்தது.

அது வாரத்துக்கு ஒரு வாள்வெட்டுச் செய்தி பேப்பரில் வந்துகொண்டிருந்த காலம். அந்த வாள்களை வெல்டிங் கடைகளில்தான் செய்கிறார்கள் என்று ஊரெல்லாம் கதை. சார்ஜன்ட் தமிழர். வாளைப் பார்த்தார், என் கிறைண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதை நீர் செய்தனீரோ?"

நான் செய்கிறது இதுதான் என்று கிணற்று வலை மூடியைக் காட்டினேன். ஜீப்பில் ஏற்றினார்கள்.

அரை மணித்தியாலத்தில் மோரர் பொலிஸ் நிலையத்துக்கு வந்துவிட்டார். வேட்டி ஒரு பக்கம், மூச்சு ஒரு பக்கம்.

"ஐயா, வாள் என்ரை. அந்தப் பொடியனை விடுங்கோ."

பொடியனுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது.

"கஞ்சா எங்கை?" என்றார் சார்ஜன்ட்.

"அதுவும் வாளிலைதான் கிடக்கு ஐயா."

இரண்டு கொஸ்தாப்பல்மார் கதிரையை விட்டு எழுந்தார்கள். பிறகு மோரர் அந்தத் துண்டைக் காட்டி, கோட்டைக் காட்டி, கிழவரின் கதையைச் சொல்லி முடிக்கும்போது, எழுந்தவர்கள் திரும்ப இருந்துவிட்டார்கள். சார்ஜன்ட் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் முகத்தில் பதினொரு வருடமாக இருக்கிற அலுப்பு அவர் முகத்தில் கால் மணித்தியாலத்தில் வந்திருந்தது.

"சரி, கஞ்சா விளங்கியிட்டுது. இப்ப வாளைச் சொல்லுங்கோ. உண்மையான வாளெண்டால் நான் வழக்குப் போட்டுக் கோட்டிலை குடுக்கவேணும். உங்களோடை இவரும் நிக்கவேணும், கடையையும் பூட்டவேணும். வெளிநாட்டிலை வடிவுக்கு மாட்ட விக்கிற போலிச் சாமான் எண்டால், அப்பிடியே எழுதி ஒப்பம் வைச்சிட்டுக் கொண்டு போங்கோ. எது?"

மோரர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். என் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். தன் மகளின் கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் சங்கிலியைக் கையில் எடுத்துப் பார்த்து, சபை நடுவில் "முலாம்" என்று சொன்ன மனிதர் அவர்.

"போலி ஐயா" என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த அவருக்குத் தெரியாது. "உந்தத் துருவைப் பாருங்கோ, வினாகிரி. உந்தக் கறுப்பு, தேயிலைச் சாயம். உந்தக் கோடு பொருத்தில்லை, சும்மா கீறினது." கீறலில்லை, பொருத்துத்தான் என்று எனக்குத் தெரியும். துரு ஓரிடத்தில் தின்று ஓரிடத்தில் விட்டிருந்தது. சார்ஜன்ட் மூன்றாம் நிமிடமே நம்பிவிட்டார். மோரர் இருபது நிமிடம் சொன்னார். "கைபிடியும் முழுக்க ஒரே அளவாய்த்தான் தேஞ்சிருக்கு, பாருங்கோ" என்று தூக்கிக் காட்டும்போது, அவருடைய பெருவிரல் அந்தக் குழியை முழுவதும் மூடிக்கொண்டிருந்தது.

"விளங்குது அண்ணை, ஒப்பத்தை வையுங்கோ" என்று சார்ஜன்ட் கெஞ்சினார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது, பதினொரு வருடத்தில் முதல் தடவையாக அவர் கதைக்கவில்லை. சாரச் சுற்றை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தார். எங்கள் சந்தி கிட்ட வரத்தான் சொன்னார்:

"வினாகிரித் துரு உப்பிடிக் கறுக்காது தம்பி. அந்தாள் கவனிக்கேல்லை."

"ஓமண்ணை" என்றேன். அவரே எழும்பி மணியை அடித்தார்.

பொலிஸே போலி என்று ஒப்புக்கொண்ட பிறகு அக்கா வாளை வீட்டுக்குள் விட்டுவிட்டா. தொலைக்காட்சிக்கு மேலே மாட்டினார்கள். வருகிறவர்கள் கேட்டால் மோரர், "போலி" என்று மட்டும் சொல்வார். நிலையத்தில் அவருடைய ஒப்பம் இருக்கிறதே.

இப்போது அவர்கள் இருவரும் மெல்பேர்னில் மகளோடு. வீட்டுச் சாவி என்னிடம். படங்கள் இன்னும் வருகின்றன, சரியாக எனக்கு இரண்டு மணிக்கு. அங்கே அப்போது பொழுதுபட்டிருக்கும். இங்கே இரண்டாகும்வரை காத்திருந்துதான் அனுப்புகிறார் போலிருக்கிறது. நித்திரை போகிறது. என்ன செய்வது?

போன மாதம் கடைக்குப் பெயின்ற் அடித்தேன். அவர் வந்து உட்காருகிற இரும்பு ஸ்டூலுக்கு மட்டும் அடிக்கவில்லை. நான் செய்து கொடுத்த ஸ்டூல்தான் அது. எல்லாப் பக்கமும் நீலம் அப்படியே இருக்கிறது. எழும்பும்போது அவர் கை ஊன்றுகிற வலப்பக்க மூலையில் மட்டும் நீலம் போய் இரும்பு மினுங்குகிறது. வேண்டிய அளவு பார்த்துவிட்டேன். அது போலி இல்லை.