மை இல்லாத விரலுக்கு வாய் கிடையாது

ஜனநாயகத்தின் உடல்நிலையை நான் தினமும் காலை ஏழு மணிக்குப் பரிசோதிப்பது வழக்கம். பவானிபூரில் எங்கள் சந்து முனை டீக்கடை பெஞ்சுதான் என் கிளினிக். மண் குவளையில் டீ வந்ததும் நாடி பிடிப்பேன். "தேறாது" என்பேன். பெஞ்சில் இருக்கும் நான்கு வங்காளிகளும் பெருமூச்சு விடுவார்கள். யார் எந்தக் கட்சிக்குத் தாவப் போகிறார், யாருக்கு டிக்கெட் இல்லை, யார் வீட்டு வாசலில் யாருடைய கார் நின்றது என்று எல்லாவற்றையும் அலசிக் காயப்போட்டுவிட்டுத்தான் ஆபீஸுக்குக் கிளம்புவேன்.

மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் மாற்றலாகிக் கல்கத்தா வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. வெங்கடசுப்ரமணியன் என்ற பெயரை முழுசாகச் சொல்லப் பொறுமை இல்லாமல் என்னை வெங்கட்பாபு ஆக்கி, பெஞ்சின் நடு இடத்தைக் கொடுத்துவிட்டார்கள். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி அது. வீட்டில் எனக்கென்று இருப்பது பால்கனி நாற்காலி. அதிலும் பாதி நாள் துணி காயும்.

போன தேர்தலில் அந்தப் பெஞ்சுக்கு நானே ஒரு சட்டம் கொண்டுவந்தேன். மை இல்லாத விரலுக்கு வாய் கிடையாது. ஓட்டுப் போடாதவர் அடுத்த தேர்தல் வரை அரசியல் பேசக் கூடாது. ரிட்டயரான ஹெட்மாஸ்டர் ஷ்யாமல்தா வழிமொழிந்தார். முதலில் மாட்டியவர் ஒரு பல் டாக்டர். பாவம், அன்றிலிருந்து அவர் வானிலை மட்டும்தான் பேசுகிறார்.

இப்படிப்பட்ட என்னை ஜனநாயகமே ஒரு நாள் கடிதம் போட்டுக் கூப்பிட்டது. தேர்தல் ட்யூட்டி. அரசாங்க வங்கியில் அதிகாரியாக இருக்கும் என் மனைவி மாதங்கிக்கும் அதே தபாலில் அதே கடிதம்.

எனக்கு வியர்த்தது. முதல் நாளே போய் மெஷினைச் சுமந்து வர வேண்டும். பள்ளிக்கூட பெஞ்சில் படுக்க வேண்டும். கொசு. நாற்பது படிவம். ஜனநாயகத்துக்காக நான் உயிரைக் கொடுப்பேன், தூக்கத்தைக் கொடுப்பது சிரமம். கணவன் மனைவி இருவருக்கும் வந்தால் ஒருவருக்கு விலக்குக் கேட்கலாம் என்று ஆபீஸில் சொன்னார்கள். அந்த ஒருவர் யார் என்பதை நான் உடனே முடிவு செய்துவிட்டேன்.

"மாதங்கி, இந்த நாட்டுக்கு இப்போ உன்னை மாதிரிப் பெண்கள்தான் தேவை" என்று ஆரம்பித்தேன்.

"தோசைக்கு என்ன தொட்டுக்கணும்னு நேராக் கேளுங்கோ."

"இல்லடி, எலக்ஷன் ட்யூட்டி. நீ போ. மேக்னாவுக்குப் பரீட்சை வரது. நான் ஆத்தோட இருந்து அவளைப் பார்த்துக்கறேன். தியாகம்தான். இருந்தாலும் பண்றேன்."

"உங்களுக்குச் சிரமமா இருக்காதா?"

"இருக்கும்."

"சரி, எழுதுங்கோ. கையெழுத்துப் போடறேன்."

நான் மூன்றாவது வரி எழுதுவதற்குள் கையெழுத்து விழுந்துவிட்டது. கல்யாணமானதிலிருந்து அவள் என்னோடு இவ்வளவு சீக்கிரம் ஒத்துப்போனதே இல்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எனக்கு விலக்குக் கிடைத்த சந்தோஷத்தில் தோன்றவில்லை.

அடுத்த பதினைந்து நாளும் வீட்டில் தேர்தல் பாடம்தான். பயிற்சி வகுப்பில் கொடுத்த கையேட்டை மாதங்கி வரிக்கு வரி கோடு போட்டுப் படித்தாள். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய எங்கள் பெண் மேக்னா அம்மாவுக்குப் பரீட்சை வைத்தாள். பாதி கேள்வி வங்காளியில், பாதி தமிழில். அம்மா நூற்றுக்கு நூறு.

வாக்குப்பதிவுக்கு முதல் நாள் அவளை மாற்று ஆளாக ரிசர்வில் உட்காரவைத்தார்கள். சாயங்காலம் போன் வந்தது. ஒரு சாவடிக்குத் தலைமை அதிகாரியாகப் போக வேண்டியவருக்கு உடம்பு சரியில்லையாம். ஆள் கிடைக்காமல் இவளை அனுப்புகிறார்களாம். எந்தச் சாவடி தெரியுமா? எங்கள் சந்துக்குப் பின்னால் இருக்கும் பிரைமரி ஸ்கூல். என் ஓட்டு இருக்கும் அதே அறை.

மறுநாள் காலையிலிருந்து ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவர்களெல்லாம் பெஞ்சில் நின்று அவள் புகழ்தான் பாடினார்கள். மாதிரி ஓட்டுப்பதிவை ஐந்தரைக்கே ஆரம்பித்துவிட்டாளாம். ஏழு அடிக்கும்போது முதல் ஓட்டு விழுந்ததாம். வயசானவர்களுக்கு நாற்காலி போட்டாளாம். இரண்டு கட்சி ஏஜெண்டுகள் சட்டையைப் பிடித்துக்கொண்டபோது அவள் கத்தவே இல்லையாம், சும்மா பார்த்தாளாம். இரண்டாவது அப்பளத்துக்கு நான் கை நீட்டும்போது பார்ப்பாளே, அந்தப் பார்வையாகத்தான் இருக்கும். இருவரும் உட்கார்ந்துவிட்டார்களாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் மனைவி, என் மனைவி என்று ஐந்து டீ குடித்தேன்.

ஓட்டு? போடலாம் என்று இருந்தேன். காலையில் கூட்டம். மத்தியானம் வெயில். நம் சாவடி, நம் பொண்டாட்டி, என்ன அவசரம்? சாயங்காலம் ஐந்தேகாலுக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பினேன். வழியில் மருந்துக்கடைக்காரர் விரலைப் பார்த்தேன். மை இல்லை. கேட்டால், ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும் என்கிறார். எனக்கு ரத்தம் கொதித்தது. ஒற்றை ஓட்டின் மகிமையை முப்பத்தைந்து நிமிஷம் விளக்கினேன். கண் கலங்கிய மனிதர் கடையை இழுத்து மூடிவிட்டு ஸ்கூட்டரில் பறந்தார். நான் நடந்தேன். ஸ்கூட்டரில் என்னையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கலாம்.

ஆறு மணி அடித்ததும் சாவடியில் ஒரு வழக்கம் உண்டு. வரிசையின் கடைசி ஆளிலிருந்து ஆரம்பித்து, முன்னால் நிற்பவர் வரை நம்பர் போட்ட சீட்டுக் கொடுத்துக்கொண்டு வருவார்கள். கடைசி ஆளுக்கு ஒன்றாம் நம்பர். அவருக்குப் பின்னால் அப்புறம் யாரும் நிற்க முடியாது. நான் கேட்டுக்குப் போனபோது ஒன்றாம் நம்பர் சீட்டோடு நின்றவர் மருந்துக்கடைக்காரர். என்னைப் பார்த்து நன்றியோடு கும்பிட்டார். கேட்டருகில் மாதங்கி நின்றிருந்தாள்.

"மாதங்கி, நான்தான்."

"தெரியறது. மணி ஆறு ரெண்டு."

"ரெண்டே நிமிஷம்டி. நீ புடவை மாத்திண்டு வரதுக்குள்ள நான் எத்தனை தரம் வாசல்ல அரை மணி நின்னிருக்கேன்."

"அது கல்யாண வீட்டுக்கு. இது எலக்ஷன்." பிறகு போலீஸ்காரரிடம் வங்காளியில் திரும்பி, இந்த பத்ரலோக், அதாவது கனவான், வெளியே போக வழி காட்டுங்கள் என்றாள், மிகவும் மரியாதையாக.

வெயிலில் கறுத்த முகம், கசங்கின புடவை, கையில் சீட்டுக் கட்டு. ஒரு அங்குலம் அசையவில்லை. கோபம் ஒரு பக்கம் இருந்தாலும், நான் கட்டிக்கொண்டவள் இவ்வளவு பெரிய மனுஷி என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் தடவையாக ஜனநாயகத்தின் நாடி நன்றாகவே அடித்தது. அடித்த நேரம்தான் சரியில்லை. நாளைக்குப் பெஞ்சில் விரல் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அடுத்த தேர்தல் வரை பல் டாக்டர் மாதிரி வானிலை பேச வேண்டும்.

மறுநாள் காலையில் மேக்னாவின் ஸ்கெட்ச் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன். காபியோடு வந்த மாதங்கிக்குச் சொல்லாமலே புரிந்தது.

"அது வெளிர் வயலட். பத்தடியிலயே தெரிஞ்சுடும்" என்று சொல்லித் தன் கைப்பையிலிருந்து கறுப்பு மார்க்கரை எடுத்தாள். "கையை நீட்டுங்கோ."

நீட்டினேன். நகத்துக்கு மேலிருந்து முதல் கணு வரைக்கும் ஒரே இழுப்பு. அசல் தோற்றது. காயும்வரை எதையும் தொட வேண்டாம் என்று ஊதிவேறு விட்டாள். வெளியில் அதிகாரி, வீட்டில் மனைவி. இப்படி ஒருத்தி கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பெஞ்சுக்குப் போனேன். ஷ்யாமல்தா சபையைக் கூட்டினார். நான்கு விரல்கள் உயர்ந்தன. நானும் உயர்த்தினேன். ஷ்யாமல்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"வெங்கட்பாபு, எங்க எல்லாருக்கும் இடது கையில வெச்சாங்க. உங்களுக்கு மட்டும் வலது கையிலயா?"

அந்த நேரம் பார்த்துக் காய்கறிப் பையோடு மாதங்கி வந்தாள். பெஞ்சே எழுந்து நின்றது. பௌதி, பௌதி என்று அண்ணி முறை கொண்டாடி உபசரித்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் கேட்டேன். "ஏண்டி, எந்தக் கைன்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

"கையை நீட்டுங்கோன்னேன். தீர்த்தம் வாங்கிக்கற மாதிரி வலது கையை நீட்டினேள், கீழ இடது கையை வேற முட்டுக் கொடுத்துண்டு. நான் என்ன பண்ணட்டும்? ஓட்டுப் போடாதவா இடது விரல்ல நான் மை வெக்க முடியுமா?"

அவளுடைய இடது விரலில் அசல் மை பளபளத்தது. ஷ்யாமல்தா நடு இடத்தைத் துண்டால் தட்டி அவளை உட்காரவைத்தார். அவள் முந்தின நாள் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். ஆறு ரெண்டுக்கு ஒருத்தர் வந்தாரே என்று தொடங்கியதும் நான் வாயைத் திறந்தேன்.

ஷ்யாமல்தா கையைக் காட்டி நிறுத்தினார். "வெங்கட்பாபு, சட்டம் உங்களோடது, பேசக் கூடாது. பௌதிக்கு ஒரு டீ சொல்லுங்க. அந்த விரலைக் காட்டினாலே போதும்."