எழுபது கிலோ பூனை

"மாப்ள, தலைவலிக்கு உங்க பையில இருந்து ரெண்டு மாத்திரை எடுத்துப் போட்டுக்கிட்டேன். கோவிச்சுக்காதீங்க."

மாமனார் இதைச் சொன்னபோது மாப்பிள்ளை பல் துலக்கிக்கொண்டிருந்தார். வாயில் இருந்த நுரையை விழுங்கிவிட்டார்.

கொப்பளிக்கக்கூட நிற்காமல் கூடத்துக்கு ஓடினார். மேசைமேல் அவருடைய தோள்பை வாயைப் பிளந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு வெள்ளை டப்பா, மூடி தனியாக.

"இதுல இருந்தா?"

"அதுல இருந்துதான். வேற ஒண்ணும் கிடைக்கல. பேருதான் டாக்டர் வீடு, ஒரு தலைவலி மாத்திரைக்குப் பஞ்சம்."

மாப்பிள்ளை டாக்டர்தான். ஆனால் இருமல், காய்ச்சல் பார்க்கிற டாக்டர் அல்ல. பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். அவரும் துறைத் தலைவரான பெரிய டாக்டரும் சேர்ந்து இரத்த அழுத்தத்துக்கு ஒரு புது மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஊர்க்காரர்கள் பலர் தாமாக முன்வந்து இதில் சேர்ந்திருந்தார்கள். மாதம் ஒருமுறை வந்து அழுத்தம் பார்த்துக்கொண்டு ஆளுக்கொரு டப்பா வாங்கிப்போவார்கள். பாதி டப்பாக்களில் நிஜ மருந்து. மீதியில் வெறும் மாவு மாத்திரை. பார்க்க இரண்டும் ஒரே அச்சு. யாருக்கு எது போகிறது என்பது வாங்குகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. கல்லூரி மருந்தகத்து அம்மாவின் கணினிக்கு மட்டும்தான் தெரியும். வெளியே தெரிந்துவிட்டால் அந்த ஆள் ஆராய்ச்சியிலிருந்து கழன்றுவிடுவார்.

மாத முடிவில் மீந்த மாத்திரைகளோடு டப்பாவைத் திருப்பித் தர வேண்டும். அது நேராக மருந்தகத்துக்குப் போக வேண்டும். நேற்று மருந்தகம் பூட்டிய பிறகு ஒருவர் நடைவழியில் மாப்பிள்ளையை மடக்கி டப்பாவைக் கையில் திணித்துவிட்டுப் போனார். காலையில் சேர்த்துவிடலாம் என்று மாப்பிள்ளை பையில் போட்டுக்கொண்டார். விதிப்படி அதுவே குற்றம். அதற்குமேல் இது.

மாமனார் ஓய்வுபெற்ற ரயில் கார்டு. அந்த வயதிலும் அழுத்தம் என்று ஒன்று இல்லாத மனிதர். அடுத்தவர்களுக்குத்தான் கொடுப்பார். உள்ளே போனது நிஜ மருந்தாக இருந்தால், சரியாக இருக்கிற அழுத்தத்தை அது பாதாளத்துக்கு இறக்கிவிடும்.

மாப்பிள்ளை அழுத்தம் பார்க்கும் கருவியைக் கொண்டுவந்து மாமனார் கையில் பட்டையைச் சுற்றினார்.

"வலி தலையில மாப்ள. கையில எதுக்குக் கட்டறீங்க?"

"சும்மாதான் மாமா. புதுக் கருவி. வேலை செய்யுதான்னு பாக்கறேன்."

எண் சற்றுக் கீழே இருந்தது. மாப்பிள்ளைக்கு நெற்றி வியர்த்தது. அதைப் பார்த்து மாமனார் பயந்துவிட்டார். மறுபடி பார்த்தபோது எண் மேலே இருந்தது. மூன்றாம் முறை இன்னும் மேலே.

"என்ன மாப்ள, ஏறுதா இறங்குதா?"

"ரெண்டும்தான். ஒண்ணும் இல்ல மாமா, பயப்படாதீங்க."

"உங்க வாய் ஒண்ணும் இல்லங்குது. உங்க முகம் ஊரைக் கூட்டி அழுவுது."

பேசிக்கொண்டே எழுந்த மாமனார் லேசாகத் தள்ளாடினார். கால் மரத்திருந்ததால்கூட இருக்கலாம். மாப்பிள்ளை அதையெல்லாம் யோசிக்கவில்லை. அழுத்தம் இறங்கினால் உப்பு கொடுக்கலாம் என்பது மட்டும்தான் நினைவுக்கு வந்தது. சமையலறைக்குப் பாய்ந்து, ஒரு பெரிய குவளைத் தண்ணீரில் கை கொண்டமட்டும் உப்பைப் போட்டுக் கலக்கி, "ஒரே மூச்சுல குடிங்க" என்று நீட்டினார். கார்டு வேலை பார்த்தவருக்குக் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து பழக்கம். குடித்துவிட்டார்.

மனைவி தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். "என்ன குடுத்தீங்க அப்பாவுக்கு?"

"உப்புத்தண்ணி. தொண்டை கொப்பளிக்க."

"அவருக்குத் தலைவலி. அதுவும் கொப்பளிக்கல, முழுங்கியிருக்காரு. தினமும் உப்பைக் குறைங்கன்னு உயிரை வாங்குவீங்க, இன்னிக்கு என்ன வந்துச்சு?"

பதிலை மாமனாரே சொன்னார். குளியலறைக்கு ஓடி, குடித்தது அவ்வளவையும் வெளியே தள்ளினார். மாத்திரையும் வந்திருக்குமோ என்று மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதையாவது மறைக்கிறீங்களா?"

"நானா? இன்னிக்குக் கல்லூரியில ஆராய்ச்சியில சேந்தவங்க எல்லாருக்கும் நன்றி சொல்ற கூட்டம். மாமாவைச் சிறப்பு விருந்தாளியாக் கூட்டிட்டுப் போகலாம்னு இருந்தேன். அந்தப் பரபரப்புதான்."

வெளுத்துப்போன முகத்தோடு மாமனார் நிமிர்ந்தார். "மேடையிலயா உக்காரவைப்பாங்க?"

வீட்டில் தனியாக விட முடியாது. கண்ணுக்கு எதிரே வைத்திருக்கலாம் என்பதுதான் மாப்பிள்ளையின் கணக்கு. கல்லூரியில் மாணவர்கள் பயிலும் அறையில் அவரைக் கட்டிலில் படுக்கவைத்தார். அங்கே இருந்த இறுதியாண்டு மாணவர்களிடம், "இவருக்கு அடிக்கடி பிரஷர் பாத்துட்டே இருங்க. இவர்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்று சொல்லிவிட்டு மருந்தகத்துக்கு ஓடினார்.

மருந்தகத்து அம்மா சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர். அவரிடம் நேராகக் கேட்க நாக்கு எழவில்லை.

"ஒரு சந்தேகம்மா. பேச்சுக்குத்தான் கேக்கறேன். நம்ம டப்பாவுல இருந்து ஒரு பூனை மாத்திரையைத் தின்னுட்டா, அது நிஜ மருந்தா வெறும் மாவான்னு பாத்துச் சொல்லுவீங்களா?"

"உங்க வீட்டுல பூனை இருக்கா?"

"வந்திருக்கு. ரெண்டு மாசமாச்சு. போற மாதிரி தெரியல."

"பூனை என்ன எடை இருக்கும்?"

"எழுபது கிலோ" என்றார் மாப்பிள்ளை. பதற்றத்தில் உண்மை வந்துவிட்டது.

மருந்தகத்து அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மீசை இருக்குமே?"

"இருக்கு."

"பேசுமா?"

"வாயே மூடாது."

"டாக்டர்," என்றார் அந்த அம்மா, குரலை இறக்கி. "பெரிய டாக்டர் சொல்லாம நான் கணினியைத் திறக்க முடியாது. போய் அவர்கிட்டச் சொல்லுங்க. இப்பவே. பூனைக்கு ஏதாவது ஆயிட்டா, அப்புறம் நீங்களும் நானும் அழுது பிரயோஜனம் இல்ல."

இன்றைக்கா சொல்வது? துணைவேந்தர் வந்திருக்கிறார். சேர்ந்தவர்கள் எல்லாருக்கும் அழுத்தம் அழகாக இறங்கிவருகிறது என்று பெரிய டாக்டர் இன்றுதான் ஊரறியச் சொல்லப்போகிறார். மாப்பிள்ளையின் வேலை நிரந்தரமாவதும் அந்த வார்த்தையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. முதலில் மாமனாரை ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று பயிற்சி அறைக்குத் திரும்பினார்.

கட்டில் காலி.

"எங்கே அவர்?"

"போயிட்டாரு சார்" என்றாள் ஒரு மாணவி, கண்கள் மின்ன. "என்னமா நடிக்கிறாரு! எங்க பிடிச்சீங்க இவரை?"

மாணவர்களின் பழக்கத்துக்காக நோயாளிபோல நடிக்க ஆட்களைக் கூட்டிவருவது அந்தக் கல்லூரியில் வழக்கம். இவரையும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். ஒருவன் நாடியைப் பிடித்து இதயம் என்றிருக்கிறான். இன்னொருத்தி கண்ணிமையை விரித்துக் கல்லீரல் என்றிருக்கிறாள். மூன்றாமவன் முட்டியில் சுத்தியலால் தட்டிவிட்டு, மூளையாக இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறான்.

"எல்லாத்துக்கும் அப்படியே முகம் வெளுத்துச்சு சார். கடைசியில, 'எனக்குத் தெரிஞ்சுபோச்சு, என் பொண்ணுகிட்டச் சொல்லிட்டுப் போயிடறேன்'னு போன் எடுத்தாரு பாருங்க, எனக்கே அழுகை வந்துடுச்சு!"

மாப்பிள்ளை படிகளை இரண்டிரண்டாகத் தாண்டிக் கூட்ட அரங்குக்கு ஓடினார்.

அரங்கு நிறைந்திருந்தது. மாதாமாதம் சந்தித்துப் பழகியவர்கள் என்பதால் கல்யாண வீட்டுக் கலகலப்பு. ஒருவர் மடியில் இன்னொருவர் பிள்ளை உட்கார்ந்திருந்தது. மேடையில் பெரிய டாக்டர் ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். முன்வரிசையில், மூன்று நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு அவற்றின்மேல் நீட்டிப் படுத்திருந்தார் சிறப்பு விருந்தாளி.

"என்னய்யா செய்யுது உங்களுக்கு?" என்று பக்கத்தில் ஒருவர் விசிறிக்கொண்டிருந்தார்.

"இங்க குடுக்கற மாத்திரைதான்யா. ரெண்டே ரெண்டு முழுங்கினேன். இதயம், ஈரல், மூளை, மூணும் போச்சு."

அந்தப் பேச்சு வரிசை வரிசையாகப் பின்னால் பரவியது. அரங்கின் இரைச்சல் அப்படியே அடங்கியது. எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பயந்துவிட்டார்கள், ஆராய்ச்சி இன்றோடு மண் என்று மாப்பிள்ளை நினைத்தார்.

வாசலில் மனைவி ஓடிவந்தாள். செருப்பு காலுக்கொன்றாக இருந்தது. "அப்பா!"

"வந்துட்டியாம்மா" என்றார் மாமனார், ஈனக் குரலில். "மாப்ளைய ஒண்ணும் சொல்லாத. பொண்ணு பாக்க வந்தப்பவே எனக்கு ஒரு மாதிரிதான் இருந்துச்சு. நீதான் கேக்கல."

பிறகு கையை நீட்டித் துழாவினார். மகளுடைய கையைத் தேடுகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அது பக்கத்தில் வந்து குனிந்திருந்த மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டது. "மாப்ள, விட்டுடாதீங்க."

அந்தப் பிடி மாப்பிள்ளையை என்னவோ செய்தது. வேலையாவது, நிரந்தரமாவது. நிமிர்ந்து நின்றார்.

"சார்! தப்பு என்மேல. டப்பாவை நான் வீட்டுக்குக் கொண்டுபோயிட்டேன். இவர் தெரியாம சாப்பிட்டுட்டாரு. அது என்ன மாத்திரைன்னு உடனே பாக்கச் சொல்லுங்க."

ஒலிபெருக்கி வழியே பெரிய டாக்டர் மூச்சை இழுத்து விடுவது அரங்கு முழுக்கக் கேட்டது. துணைவேந்தர் தலையைத் திருப்பினார். மனைவி கணவனைப் பார்த்த பார்வைக்கு அந்த மருந்தே தேவலை.

"பாருங்க" என்றார் பெரிய டாக்டர். கூட்டத்துக்கு வந்திருந்த மருந்தகத்து அம்மா, மாப்பிள்ளை பையிலிருந்து எடுத்து நீட்டிய டப்பாவின் எண்ணைக் குறித்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது ஓடிவந்தார்.

"நிஜ மருந்து!"

மனைவி அலறினாள். மாணவர்கள் படுக்கை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். யாரோ ஊசியைத் தயார் செய்தார்கள். பெரிய டாக்டர் மேடையிலிருந்து குதித்து இறங்கி, தானே பட்டையைக் கட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணைப் பார்த்தார். கழற்றிவிட்டு மறுபடி கட்டினார். மறுபடியும் பார்த்தார்.

"நல்லா இருக்காரே! நம்ம எல்லாரையும் விட நல்லா இருக்காரு!"

"காலையில சாப்பிட்டது இன்னும் ஒண்ணும் செய்யலையா?" என்றார் துணைவேந்தர் மெதுவாக. "அப்ப உங்க மருந்து வேலையே செய்யலன்னு வச்சுக்கலாமா?"

பெரிய டாக்டரின் முகம் சுண்டியது. மாமனார் ஒரு கண்ணை மட்டும் திறந்து, பிழைத்தோமா என்று பார்த்தார்.

அப்போது முன்வரிசை ஓரத்தில் ஒரு தையல்கார அம்மா எழுந்து நின்றாள். முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள்.

"மருந்து மேல பழி போடாதீங்க டாக்டர். நேத்து அந்த டப்பாவைக் குடுத்தது நான்தான். அதுல இருந்தது உங்க மாத்திரையே இல்ல. அது கடையில வாங்கின சத்து மாத்திரை."

"என்னது?"

"முழுங்கப் பயமா இருந்துச்சு. வாங்கினதும் சாக்கடையில கொட்டிடுவேன். மிச்சத்தை எண்ணுவீங்களே, அதுக்காகத்தான் அதே மாதிரி வெள்ளையாத் தேடி வாங்கி..."

"ஆனா உங்களுக்குத்தானேம்மா எல்லாரையும் விட நல்லா இறங்கியிருக்கு!"

"அது என்னமோ டாக்டர், மாசாமாசம் இங்க வந்து நாலு பேரைப் பாத்துப் பேசிட்டுப் போனா மனசு லேசாயிடுது. மாத்திரை வேண்டாம்னு சொன்னா வரவிட மாட்டீங்களோன்னுதான்..."

பெரிய டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். துணைவேந்தர் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ வகுப்பு எடுத்த மனிதர், சமாளித்துக்கொண்டார். மேடையேறி ஒலிபெருக்கியைப் பிடித்தார். "பரவாயில்ல. இத்தனை பேர்ல ஒரே ஒருத்தர். ஒருத்தரால ஆராய்ச்சி கெட்டுப்போயிடாது."

மாப்பிள்ளைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கையை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த மாமனாரும் எழுந்து உட்கார்ந்தார். அரங்கில் மட்டும் ஒருவரும் கைதட்டவில்லை.

கடைசி வரிசையில் ஒரு பஸ் டிரைவர் மெல்ல எழுந்து, கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அட, அக்காவுமா? அப்ப நம்மள்ல யாருதான்யா அந்த மாத்திரையை முழுங்கினது?"